உலர்ந்த இரத்தப் பொட்டும் குடியின் அளவும்

மது அருந்தியதன் விளைவாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 26 லட்சம் பேர் உயிரிழந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இவ்வளவு உயிர்களைக் கொள்ளும் ஒரு பழக்கம் ஒருவரிடம் எந்த அளவுக்கு வேரூன்றியிருக்கிறது என்பதை அறிய, மருத்துவம் இன்றும் பெரும்பாலும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அந்த நிறுவனமே 1989இல் வெளியிட்ட, பத்துக் கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் பல நாடுகளில் வழக்கில் உள்ளது. கேட்பவரும் சொல்பவரும் ஒருவரையொருவர் நம்பும் இடத்தில் அது நன்றாகவே உதவுகிறது. ஆயினும் வேலை போய்விடும் என்ற அச்சம், ஓட்டுநர் உரிமம் பறிபோகும் என்ற கவலை, வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம், சென்ற மாதம் குடித்ததைக் கணக்கு வைத்துக்கொள்ள இயலாத மறதி ஆகிய எல்லாம் சேர்ந்து, சொல்லப்படும் அளவை உண்மை அளவிலிருந்து விலக்கிவிடுகின்றன. இந்த இடைவெளியை நிரப்ப, உடலே விட்டுச்செல்லும் தடயங்களைத் தேடும் முயற்சி அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. அவ்வாறான தடயங்களுக்கு ‘உயிர்க்குறியீடுகள்’ என்று பெயர். ஒரு நோயையோ பழக்கத்தையோ நஞ்சையோ காட்டிக்கொடுக்கும் வகையில் இரத்தம், சிறுநீர், முடி போன்றவற்றில் அளக்கக்கூடிய பொருள்களை இச்சொல் குறிக்கும்.

மதுவில் உள்ள போதைப்பொருளின் வேதிப்பெயர் எத்தனால். அதையே நேரடியாக அளப்பதுதான் எளிய வழி என்று தோன்றும். சாலையில் காவலர்கள் ஊதச் சொல்லும் கருவி அதைத்தான் செய்கிறது. இந்தியாவில் வாகன ஓட்டிகளுக்குச் சட்டம் வகுத்துள்ள வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் எத்தனால் என்பதாகும். ஆனால் உடல் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் அந்த அளவைக் குறைத்துக்கொண்டே வருவதால், இரவில் 120 மில்லிகிராமோடு உறங்கச் சென்றவரின் இரத்தத்தில் எட்டு மணி நேரத்துக்குப் பின் அநேகமாக ஒன்றும் எஞ்சியிருக்காது. ஆகவே ஊதல் கருவியால் இப்போது ஒருவர் போதையில் இருக்கிறாரா என்பதைச் சொல்ல முடியுமே தவிர, கடந்த மாதம் முழுவதும் அவர் எவ்வாறு குடித்தார் என்பதைச் சொல்ல முடியாது.

நாள்பட்ட குடியைக் கண்டறிய மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பியவை மறைமுகக் குறியீடுகளே. கல்லீரலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் காமா ஜிடி என்ற நொதி, சிவப்பணுக்களின் சராசரிப் பருமன், இரும்பைச் சுமந்துசெல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் தன் சர்க்கரைக் கிளைகளை இழந்து தோன்றும் ‘சிடிடி’ என்ற வடிவம் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவை குடியை நேரடியாக அளப்பன அல்ல. குடி உடலில் உண்டாக்கும் கோளாற்றையே அளப்பன. கொழுப்புக் கல்லீரல், மஞ்சள் காமாலை, சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் காமா ஜிடியை உயர்த்திவிடும். சிடிடி அதைவிட நம்பத்தக்கது என்றாலும், பல நாள்கள் தொடர்ந்து மிகுதியாகக் குடித்தால்தான் அது கண்ணில் படும் அளவுக்கு ஏறும். சிறுநீரில் தேடப்படும் எத்தில் குளுக்குரோனைடு என்ற பொருள் எத்தனாலிலிருந்தே உண்டாவது ஆகையால் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அது மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் வெளியேறிவிடுகிறது.

இந்த இரு வகைக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை நிரப்பியிருப்பது ‘பாஸ்ஃபாட்டிடைல் எத்தனால்’ என்ற பொருள். ஆய்வுக்கூடங்களில் இதைச் சுருக்கமாக ‘பெத்’ என்கின்றனர். இது தோன்றும் விதத்தை அறிந்துகொண்டால் இதன் சிறப்பு விளங்கும். உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்திருக்கும் சவ்வு, பாஸ்பரஸ் சேர்ந்த கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. அவற்றுள் பெரும்பங்கு வகிக்கும் பாஸ்ஃபாட்டிடைல் கோலினை, பாஸ்ஃபோலைப்பேஸ் டி என்ற நொதி நீரின் துணையால் பிளந்து பாஸ்ஃபாட்டிடிக் அமிலமாக மாற்றுவது இயல்பான நிகழ்வு. சுற்றிலும் எத்தனால் இருக்கும்போது இந்த நொதி நீருக்குப் பதிலாக எத்தனாலை விரும்பி எடுத்துக்கொள்வதால், அமிலம் உண்டாகவேண்டிய இடத்தில் பெத் உண்டாகிவிடுகிறது. மது அருந்தாத உடலில் இது தோன்றுவதற்கு வழியே இல்லை. சிவப்பணுக்களின் சவ்வில் ஒருமுறை தோன்றிவிட்டால் மிக மெதுவாகவே சிதைகிறது. இதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைவதற்கு ஆகும் காலம், ஆளுக்கு ஆள் மாறுபட்டு ஏறத்தாழ நான்கு முதல் பத்து நாள்கள் வரை நீள்கிறது. ஆகவே தொடர்ந்து மிகுதியாகக் குடித்துவந்த ஒருவர் அதை முற்றிலும் நிறுத்திய பின்னும், மூன்று நான்கு வாரங்கள் வரை அவர் இரத்தத்தில் இதைக் காண முடிகிறது.

எத்தனால் கொடுக்கப்பட்ட எலிகளின் உறுப்புகளில், முன்பு அறியப்படாத ஒரு கொழுப்பு இருப்பதாக ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1983இல் அறிவித்தபோது பெத்தின் வரலாறு தொடங்கியது. மனித இரத்தத்தில் இதன் 48 வகைகள் வரை பின்னர் இனம்காணப்பட்டன. ஒவ்வொரு மூலக்கூற்றிலும் இரண்டு கொழுப்பு அமிலங்கள் வாலாகத் தொங்குகின்றன. அவை எவை என்பதைப் பொறுத்தே வகை மாறுகிறது. பனை எண்ணெயில் மிகுந்துள்ள பால்மிட்டிக் அமிலமும் ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலமும் சேர்ந்து அமைந்த வகையே இரத்தத்தில் மிகுதியாகக் கிடைப்பதால், இன்று உலகெங்கும் அளக்கப்படுவது அநேகமாக அது ஒன்றுதான். 16:0/18:1 என்று அதைக் குறிப்பார்கள். சாய்கோட்டின் இருபுறமும் உள்ள எண்கள் அந்த இரு அமிலங்களிலும் உள்ள கரி அணுக்களின் எண்ணிக்கையையும் இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கையையும் காட்டுகின்றன.

இத்தனை சிறப்புகள் இருந்தும் பெத் நீண்ட நாள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வராமல் இருந்ததற்கு ஒரு காரணம், இரத்தம் எடுத்த பிறகு நடக்கும் ஒரு மாற்றம். மருத்துவமனைக்கு வருபவர் சற்று முன்புதான் குடித்திருந்தால், குழாயில் சேகரிக்கப்பட்ட இரத்தத்தில் எத்தனால் இன்னும் இருக்கும். நொதியும் உயிர்ப்போடு இருக்கும். உடலை விட்டு வெளியே வந்த பின்னும் அந்த இரண்டும் தம் வேலையைத் தொடர்வதால், மேசைமேல் இருக்கும் குழாய்க்குள்ளேயே புதிய பெத் உருவாகிக்கொண்டிருக்கும். காலையில் எடுத்த இரத்தத்தை மாலையில் சோதித்தால், அந்த மனிதரின் உடலில் இருந்ததைவிடக் கூடுதலான எண் கிடைக்கும். உறைய வைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று கருதவும் இடமில்லை. சாதாரண உறைபெட்டியின் கழித்தல் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலை இதை நிறுத்தப் போதாது, கழித்தல் 80 பாகைக்குச் செல்லும் சிறப்புப் பெட்டி வேண்டும். நீதிமன்றத்திலோ உறுப்புமாற்றுக் குழுவின் முன்னிலையிலோ ஒருவரது எதிர்காலத்தைத் தீர்மானிக்கக்கூடிய ஓர் எண், குழாய் எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்பதைச் சார்ந்திருப்பது ஏற்கத்தக்கதன்று. வேதிப்பொருள் சேர்த்து நொதியை முடக்கும் வழியும் உண்டு; ஆனால் ஒவ்வொரு குழாயிலும் அதைத் தவறாமல் சேர்க்கும் ஒழுங்கு எல்லா இடத்திலும் வாய்ப்பதில்லை.

இங்கேதான் உலர் இரத்தப் பொட்டு துணைக்கு வருகிறது. விரல் நுனியிலிருந்து எடுத்த இரத்தத் துளியைத் தடித்த வடிதாளில் ஊறவிட்டு உலர்த்தும்போது எத்தனால் ஆவியாகி வெளியேறிவிடுகிறது. நீர் வற்றுவதால் நொதியும் செயலிழக்கிறது. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆய்வாளர்கள் 2011 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், பொட்டில் அளந்த பெத் முழு இரத்தத்தில் அளந்ததோடு நன்கு ஒத்துப்போனது. உலர்ந்த பொட்டைக் குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் வைத்திருக்கலாம், சாதாரண அஞ்சலில் அனுப்பலாம் என்ற வசதியையே பலரும் முதலில் எடுத்துச் சொல்வார்கள். ஆனால், பெத்தைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய ஆதாயம், இரத்தம் எடுத்த அந்த நேரத்து உண்மையை வடிதாள் நிறுத்திவைக்கிறது என்பதே.

வடிதாளில் இரத்தம் சேகரிப்பது புதிய உத்தி அன்று. ஈவார் பாங் என்ற வேதியியலாளர் 1913ஆம் ஆண்டிலேயே தாளில் உறிஞ்சப்பட்ட இரத்தத்தில் சர்க்கரையை அளந்து காட்டினார். ஆனால் இம்முறையை உலகறியச் செய்தவர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பணியாற்றிய ராபர்ட் கத்ரி. பிறவியிலேயே ஃபினைலலனின் என்ற அமினோ அமிலத்தைச் செரிக்க இயலாத குழந்தைகளை, மூளை பாதிக்கப்படுவதற்கு முன்பே கண்டறிவதற்காக, பச்சிளங்குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த துளியைத் தாளில் சேகரிக்கும் வழியை அவர் 1960களின் தொடக்கத்தில் வகுத்தார். பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைத் திட்டங்கள் பல நாடுகளில் இன்றும் அந்த அட்டையின் வழியிலேயே நடைபெறுகின்றன.

பொட்டு எடுக்கும் முறை எளிது போலத் தோன்றினாலும், முடிவின் நம்பகத்தன்மை பெரும்பாலும் இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. கையைக் கழுவி, வெதுவெதுப்பாக வைத்து, நடுவிரல் அல்லது மோதிர விரல் நுனியின் பக்கவாட்டில் சிறு ஊசியால் குத்துவர். தோலைத் துடைக்கும் திரவத்தில் எத்தனால் இருந்தால் அது துளியில் கலந்துவிடலாம் என்பதால், எத்தனால் இல்லாத ஐசோபுரோப்பைல் வகையைப் பயன்படுத்தி, அதையும் முழுவதும் காயவிட்ட பின்னரே குத்த வேண்டும். முதல் துளியில் திசுத் திரவம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதைத் துடைத்துவிட்டு, அடுத்து முட்டிவரும் துளியைத் தாளில் அச்சிடப்பட்ட வட்டத்தின் நடுவே, விரல் தாளில் படாமல் தொட்டு வைக்க வேண்டும். வட்டம் நிறைய ஐம்பது முதல் எழுபத்தைந்து மைக்ரோலிட்டர் வரை இரத்தம் தேவைப்படும். போதவில்லை என்று அதே வட்டத்தில் இன்னொரு துளியை மேலே வைத்தால், ஒரே பொட்டின் இரு பகுதிகளில் இரு வேறு அளவுகள் தேங்கிவிடும். பிறகு தாளைக் கிடைமட்டமாக, எதன்மீதும் படாதவாறு, வெயில் படாத இடத்தில் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் உலரவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு காற்றுப் புகாத பையில் இட வேண்டும். கடலோர ஊர்களின் மழைக்கால ஈரத்தில் இந்த நேரம் இன்னும் நீளும். முழுவதும் உலராத பொட்டைப் பையில் அடைத்துவிட்டால், வடிதாளைத் தேர்ந்தெடுத்ததன் பயனே போய்விடும்.

ஆய்வுக்கூடத்தை அடைந்த பொட்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டம் துளைத்து எடுக்கப்படும். அதில் அடங்கியிருப்பது ஏறத்தாழ மூன்று மைக்ரோலிட்டர் இரத்தம். அதைக் கரிமக் கரைப்பானில் ஊறவைத்துக் கொழுப்புகளைப் பிரித்தெடுத்து, திரவ நிறப்பிரிகைக் கருவி வழியே செலுத்தி, அடுத்தடுத்து இரண்டு முறை எடைபோடும் நிறை நிறமாலைமானிக்குள் அனுப்புகின்றனர். முதல் நிலையில், மின்னேற்றம் பெற்ற பெத் மூலக்கூறு ஏறத்தாழ 701 என்ற நிறை எண்ணில் தனித்துப் பிடிக்கப்படுகிறது. அடுத்து அது உடைக்கப்படும்போது அதன் இரு வால்களும் 281, 255 என்ற நிறைகளில் வெளிவருகின்றன. இந்த மூன்று எண்களும் ஒருங்கே பொருந்தினால்தான் அது பெத் என்று ஏற்கப்படும் ஆகையால், வேறொரு பொருளை இதுவென்று மயங்குவதற்கு இடம் மிகக் குறைவு. எடுக்கும் வேலையில் நேரும் இழப்பை ஈடுகட்ட, கனமான ஹைட்ரஜன் அணுக்கள் கொண்ட செயற்கைப் பெத்தைத் தெரிந்த அளவில் முதலிலேயே சேர்த்துவிடுவது வழக்கம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 20 நானோகிராம் என்ற தாழ்வரம்பில், அந்தச் சிறு வட்டத்துக்குள் இருக்கும் பெத்தின் எடை, ஒரு கிராமை ஆயிரம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடவும் குறைவு. அதை நாள்தோறும் நம்பத்தக்க விதத்தில் அளக்க முடிவது வேதியியலின் அரிய சாதனை என்றே சொல்ல வேண்டும்.

எண் கிடைத்தபின் அதற்குப் பொருள் காண்பது அடுத்த வேலை. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வரம்பை வைத்திருந்ததால் எழுந்த குழப்பத்தைத் தீர்க்க, இத்துறை வல்லுநர்கள் கூடி உருவாக்கிய ‘பாசல் இணக்கம்’ 2022இல் வெளியானது. ஒரு மில்லிலிட்டர் முழு இரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால், அது குடிக்காமல் இருந்ததோடும் மிகக் குறைவாகக் குடித்ததோடும் பொருந்தும். 20 முதல் 200 வரை மிதமான குடியைக் குறிக்கும். 200ஐ எட்டினால் நாள்பட்ட மிகைக்குடி என்று கொள்ளலாம் என்பது அதன் சாரம். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இந்த வரம்புகள் வழிகாட்டிகளே அன்றித் தீர்ப்புகள் அல்ல. ஒரே அளவு மதுவை ஒரே காலத்துக்கு அருந்திய இருவரின் பெத் அளவுகள் ஒன்றுக்கு ஒன்று பல மடங்கு வேறுபடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே 150 என்ற எண்ணைப் பார்த்து, இவர் நாளொன்றுக்கு இத்தனை கோப்பை குடித்தார் என்று பின்னோக்கிக் கணக்கிட முடியாது. அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவருக்கு, கொடையாளர் குடித்திருந்தால் அவருடைய பெத்தும் சேர்ந்தே வந்துவிடும். வாழ்நாளில் ஒருமுறையும் மதுவைத் தொடாதவருக்கும் இதனால் பெத் இருப்பதாகக் காட்டக்கூடும். பெத் பெரும்பாலும் சிவப்பணுக்களிலேயே தங்குவதால் இரத்தசோகை உள்ளவரிடம் எண் குறைந்து காட்டலாம். வடிதாளில் இச்சிக்கல் இரட்டிப்பாகிறது: சிவப்பணுக்கள் மிகுந்த கெட்டியான இரத்தம் தாளில் குறைவாகவும், நீர்த்த இரத்தம் அகலமாகவும் பரவுவதால், ஒரே அளவுள்ள வட்டத்தைத் துளைத்தாலும் அதில் அடங்கும் இரத்தத்தின் அளவு ஒன்றாக இராது. தமிழகம் உள்ளிட்ட பகுதிகளில் பெண்களிடையே இரத்தசோகை பரவலாக இருப்பதை எண்ணினால், இங்கு இச்சோதனையைக் கொண்டுவருவோர் இக்குறையை முதலில் கவனிக்க வேண்டும். துளி சிறிதானாலும் பெரிதானாலும் குறிப்பிட்ட பத்து மைக்ரோலிட்டரை மட்டுமே உறிஞ்சிக்கொள்ளும் கருவிகள் இதற்கு ஒரு தீர்வாக வந்துள்ளன. ஸ்வீடனில் உருவான கேப்பிட்டேய்னர் அட்டை அவற்றுள் ஒன்று.

இம்முறையின் பயன் தெளிவாகத் தெரிந்த இடங்களுள் உகாண்டாவின் முபராரா பகுதி ஒன்று. எச்ஐவி தொற்றோடு வாழ்வோர் மிகுதியாகக் குடித்தால் மருந்தை ஒழுங்காக உட்கொள்வது தடைபடுகிறது. காசநோயைத் தடுக்கத் தரப்படும் ஐசோனியாசிட் மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படும் ஆபத்தும் கூடுகிறது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜூடித் ஹான் குழுவினர் அங்குள்ள ஆய்வாளர்களோடு இணைந்து நடத்திய ஆய்வுகளில், குடிப்பதில்லை என்று கூறியவர்களில் ஒரு பகுதியினரின் இரத்தத்தில் பெத் காணப்பட்டது. குடிப்பதைச் சொன்னால் மருந்து மறுக்கப்படுமோ என்று அஞ்சும் நோயாளி உண்மையை மறைப்பதில் வியப்பில்லை. அவர் மறைத்தார் என்பதைக் கண்டுபிடிப்பதைவிட, அவருக்கு எந்த மருந்தை எந்த எச்சரிக்கையோடு தரலாம் என்று முடிவுசெய்ய இயன்றதே அந்த ஆய்வுகளின் மதிப்பு. கல்லீரல் மாற்று அறுவைக்குக் காத்திருப்போர், அறுவைக்குப் பின் மதுவைத் தவிர்க்க முயல்வோர், ஸ்வீடனில் உரிமத்தை மீண்டும் பெற விரும்பும் ஓட்டுநர்கள் ஆகியோருக்கும் இச்சோதனை வழக்கமாகிவருகிறது. கொரோனா பெருந்தொற்றின்போது காணொளி வழியே செவிலியர் பார்த்திருக்க, நோயாளியே வீட்டில் பொட்டு எடுத்து அஞ்சலில் அனுப்பும் முறையும் சோதித்துப் பார்க்கப்பட்டது.

மிகுந்த தயக்கத்தோடு அணுக வேண்டிய பயன்பாடு பச்சிளங்குழந்தைகளைப் பற்றியது. தாய் அருந்தும் எத்தனால் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைவதால், குழந்தையின் சிவப்பணுக்களிலேயே பெத் உருவாகிறது. எனவே பிறந்தவுடன் குதிகாலில் எடுத்த அட்டையைச் சோதித்தால், பேறுகாலத்துக்கு முந்தைய சில வாரங்களில் தாய் குடித்தாரா என்று அறியலாம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சேமிக்கப்பட்டிருந்த அட்டைகளை வைத்து நடத்தி 2017இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் எட்டு சதவீதக் குழந்தைகளிடம் பெத் காணப்பட்டது. கருவில் மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு எவ்வளவு விரைவில் உதவி தொடங்குகிறதோ அவ்வளவு நன்மை என்பதால், இந்தத் தகவல் பொதுச் சுகாதாரத்துக்கு மிகவும் வேண்டியதே. ஆனால் அதே மாநிலத்தில், பெற்றோரின் இசைவின்றி அட்டைகளைச் சேமித்து ஆய்வுக்குத் தந்தது குறித்து 2009இல் வழக்குத் தொடரப்பட்டு, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் அழிக்கப்பட நேர்ந்தது. அந்நாட்டின் சில மாநிலங்களில், கருவுற்ற பெண் மது அருந்துவது குழந்தைக்கு இழைத்த கொடுமையாகச் சட்டத்தில் கருதப்படுகிறது. குழந்தையைக் காப்பதற்காக எடுத்த ஒரு துளி தாய்க்கு எதிரான சாட்சியமாக மாறக்கூடும் என்றால், தாய்மார்கள் மருத்துவமனையையே தவிர்க்கத் தொடங்குவார்கள். அப்போது குதிகாலில் குத்திக் கண்டறியக்கூடிய மற்ற நோய்களுக்கான சோதனையும் கைவிட்டுப் போகும். பெயர் நீக்கப்பட்ட அட்டைகளில் ஒரு பகுதியில் எத்தனை பேர் பாதிக்கப்பட்டுள்ளனர் என்று கணக்கெடுப்பது வேறு. ஒரு குறிப்பிட்ட தாயைத் தேடிப் பிடிப்பது வேறு. முன்னதற்கு இடம் தந்து, பின்னதைத் தாயின் எழுத்துப்பூர்வமான இசைவின்றி அனுமதிக்காத சட்டமே ஏற்கத்தக்கது.

பெத் சோதனை ஒருவருக்கு மதுச்சார்பு நோய் உண்டா என்பதைச் சொல்லாது. அதை நோயாளியோடு பேசித்தான் அறிய முடியும். குடியை நிறுத்த முயல்பவருக்கு, ஒவ்வொரு மாதமும் இறங்கிவரும் எண் தன் முயற்சிக்கான சான்றாக அமைந்து ஊக்கம் தருகிறது; இதுவே இச்சோதனையின் மிகச் சிறந்த பயன். இச்சோதனைக்கு உட்படும்படி கேட்கப்படும் எவரும், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முடிவு யார் கைக்குப் போகும், அட்டை எவ்வளவு காலம் பாதுகாக்கப்படும் என்பதை எழுத்தில் பெற வேண்டும். தம் நினைவுக்குச் சற்றும் பொருந்தாத எண் வந்தால், இன்னொரு பொட்டை எடுத்து மீண்டும் அளக்கும்படி கோர வேண்டும்.